இடர்க்காலமும் பகிர்விடமும்: யட்டியாந்தோட்டைப் பகுதியின் வரலாறு காட்டுவன

பஞ்சம், வெள்ளம், கொள்ளைநோய் என்பன பற்றி எழுதப்பட்ட அறிக்கைகளைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஒன்று புலனாகும். இத்தனை மூடை அரிசி அனுப்பப்பட்டது, இத்தனை பேருக்கு மருந்து வழங்கப்பட்டது, இத்தனை இலட்சம் ரூபாய் செலவாயிற்று என்னும் கணக்குகள் அவற்றிலே நிரம்பியிருக்கும். அந்த அரிசி எந்த இடத்தில் இறக்கப்பட்டது, அவ்விடத்துக்கும் பசித்தவன் வீட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம், அக்கதவின் திறப்பு யார் கையில் இருந்தது என்னும் செய்திகளோ அருகியே காணப்படும். உதவி யாரைச் சென்றடைந்தது, யாரை அடையாது நின்றது என்பதனைப் பெரும்பாலும் தீர்மானித்தவை இவ்விரண்டாம் வகைச் செய்திகளே என்பது இக்கட்டுரையாளன் கருத்து. இடருற்ற மக்களுக்கு உணவு முதலாய பொருள்களைப் பகிர்ந்தளிக்கும் இடத்தை ஈண்டுப் பகிர்விடம் என வழங்குவோம். யட்டியாந்தோட்டையையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் நிலைக்களனாகக் கொண்டு, பகிர்விடத்தின் வரலாற்றை ஒருவாறு நோக்குவாம்.

யட்டியாந்தோட்டை கேகாலை மாவட்டத்திலே, களனி கங்கைக் கரையிலே, அவிசாவளையிலிருந்து ஹட்டன் நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் அமைந்த சிறு நகரம். பெயரின் இறுதியிலுள்ள ‘தோட்ட’ என்னும் சிங்களச் சொல் ஆற்றுத் துறையைக் குறிப்பது. தோட்டங்கள் மலிந்த இடமாதலால் நம்மவர் அதனைத் தமிழ்ச் சொல்லென்றே மயங்குதலும் உண்டு. 1903ஆம் ஆண்டு களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதம் இங்கு வந்து சேர்ந்தது. 1942இல், போர்க்காலத்திலே, அவிசாவளைக்கு அப்பாலுள்ள அக்கிளைப் பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அதன்பின் பெருந்தெரு ஒன்றே போக்குவரத்துக்கு ஆதாரமாயிற்று. தாழ்ந்த சரிவுகளில் ரப்பரும் உயர்ந்தவற்றில் தேயிலையுமாகக் கனேபல்ல, பனாவத்தை, வீ ஓயா, ஹல்கொல்ல முதலிய தோட்டங்கள் நகரைச் சூழ்ந்து கிடக்கின்றன. ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெய்யும் பூமி இது. பெருமழை பெய்யின் கீழே ஆறு பெருகி நகரையும் தெருவையும் மூடும். அதே மழையில் மேலே மலைச்சரிவு நெகிழ்ந்து தோட்டப் பாதையை அறுக்கும். மேலுள்ளோர் கீழிறங்கவும் கீழுள்ளோர் மேலேறவும் ஒருங்கே இயலாது போதலே இப்பகுதி இடர்களின் தனியியல்பாகும். நகரிலே பண்டசாலை நிறைந்திருந்தும் மூன்று மைலுக்கு அப்பால் லயத்திலே அடுப்பு எரியாதிருத்தல் இங்கு வியப்பன்று.

இவ்வுண்மையை நம் பழங்காப்பியம் ஒன்று அறிந்திருந்தது போலும். மணிபல்லவத்தில் அமுதசுரபியைப் பெற்ற மணிமேகலை, ஆதிரையிடம் முதற் பிச்சை ஏற்றபின், புகார் நகரிலே உலக அறவி என்னும் பொதுவம்பலத்தை அடைகின்றாள். ஆதரவற்றோரும் உறுப்புக் குறைந்தோரும் அதற்கு முன்பே வந்து தங்கிய இடம் அது. வற்றாத பாத்திரம் கையிலிருந்தும் அதனை எங்கே வைத்து வழங்குவது என்னும் வினாவுக்குச் சாத்தனார் அளித்த விடை இது. புதிதாக ஓரிடத்தைக் கண்டு அங்கே பசித்தோரை வரவழைக்கவில்லை. பசித்தோர் ஏலவே கூடும் இடத்துக்குப் பாத்திரம் சென்றது.

பிற்காலத்து அரசாங்கங்கள் இதற்கு நேர்மாறான வழியையும் கைக்கொண்டதுண்டு. 1876ஆம் ஆண்டு முதல் 1878ஆம் ஆண்டு வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் நம் முன்னோரிற் பலரைக் கடல்கடந்து இலங்கைக்குத் துரத்திய பஞ்சமாகும். இராசப்பிரதிநிதி லிற்றன் பிரபுவின் ஏவலால் 1877 சனவரியில் அங்கு வந்த சேர் ரிச்சட் ரெம்பிள், நிவாரண வேலைக்குச் செல்வோனுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் சிறு காசும் போதுமென விதித்தார். சென்னைச் சுகாதார ஆணையாளராயிருந்த கோர்னிஷ் என்னும் வைத்தியர் அவ்வளவு தானியம் உழைப்பவன் உடலைத் தாங்காதென எதிர்த்து வாதிட்டார். ரெம்பிளின் இறாத்தற் கணக்கு பிற்காலத்தில் பலராலும் கண்டிக்கப்பட்டது. அதனினும் கொடியதாக எனக்குத் தோன்றுவது தூரச் சோதனை எனப்பட்டதாகும். உடல்வலியுடையோருக்கு அவர்தம் வீட்டிலிருந்து பத்து மைல் எல்லைக்குள் நிவாரண வேலை கொடுக்கலாகாது. உண்மையாகவே பசித்தவன் எவ்வளவு தூரமும் வருவான் என்பது அதன் தருக்கம். உண்மையாகவே பசித்தவன் பத்து மைல் நடக்கமாட்டான் என்பதனை ஒருநாள் பட்டினி கிடந்தவனும் சொல்லுவான். பகிர்விடத்தின் தொலைவே ஈண்டு வாயிற்காவலன் ஆயிற்று.

அப்பஞ்சத்தின் பயனாக 1880இல் பஞ்ச ஆணைக்குழு அறிக்கையும், அதனையொட்டிப் பஞ்ச விதித்தொகுப்புகளும் தோன்றின. அவற்றின் சிறப்பு யாதெனின், நிவாரண வேலைகளுக்கான இடங்களையும் திட்டங்களையும் மழை நன்கு பெய்யும் ஆண்டுகளிலேயே மாவட்டந்தோறும் வகுத்து வைத்தல் வேண்டுமென வற்புறுத்தியமையாகும். இடர் வருமுன் இடம் வகுத்தல் என்னும் கருத்து நம் நாட்டுப் பக்கத்தில் சட்டவடிவம் பெற்றது அப்பொழுதேயாம்.

பஞ்சத்துக்குத் தப்பி வந்தோர் தோட்டங்களிலே கண்ட பகிர்விடம் வேறொரு வகையினது. கூலியின் ஒரு பகுதி அரிசியாகவே அளக்கப்பட்டது. தோட்டக் கந்தோருக்கு அண்மையிலுள்ள காம்பராவிலே மூடைகள் அடுக்கப்பட்டிருக்கும்; குறித்த நாளில் பெயர் கூப்பிட, ஒவ்வொருவரும் சாக்கை விரித்துக் கொத்துக் கணக்கில் அரிசி வாங்கிச் செல்வர். அதன் பெறுமதி சம்பளத்திற் கழிக்கப்படும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் நிர்ணய விலையில் வழங்கப்படும் அரிசியைக் கணக்கிற் கொண்டே கூலியை வரையறுத்தது. பகிர்விடம் என்ற அளவில் நோக்கின் அவ்வரிசிக் காம்பராவுக்குச் சில நற்குணங்கள் உள. லயங்களுக்கு அண்மையிலிருந்தது, அனைவரும் நாடோறும் கூடும் பிரட்டுக்களத்துக்கு அருகிலிருந்தது, யார் யார் உளர் என்னும் செக்ரோல் அங்கேயே கிடந்தது. எனினும் திறப்பு துரையின் மேசையிற் கிடந்தது. கடனும் கணக்கும் கங்காணியின் வாயிற் கிடந்தன. பெயர் வெட்டப்பட்டவனுக்கு அரிசியும் இல்லை. 1930ஆம் ஆண்டையடுத்த உலகப் பொருளாதார மந்தத்திலே ரப்பர் விலை வீழ்ந்து, களனிப் பள்ளத்தாக்கில் ஆள் குறைக்கப்பட்டபோது, அண்மையிலிருந்த அக்கதவு பலருக்கு அடைபட்ட கதவாயிற்று.

இப்பகுதியின் பகிர்விட வரலாற்றில் முதன்மையானதாக 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயையே குறிப்பிடுதல் வேண்டும். 1934இல் தென்மேற் பருவமழை பொய்த்தது. வழமையாகப் பெருகியோடும் ஆறுகள் மணல் நடுவே குட்டைகளாகத் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் நுளம்பு அக்குட்டைகளிலே பல்கியது. ஒக்டோபரில் தொடங்கிய காய்ச்சல் ஆண்டிறுதியில் உச்சத்தை எய்திற்று. ஓராண்டுக்குள் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் கவர்ந்தது. மலேரியாவுக்குப் பழகிய வறண்ட பிரதேசத்தினும் பழகாத ஈரப் பிரதேச ஓரங்களே மிகுதியாக வாடின. அவற்றுள்ளும் கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் முன்னின்றன. பொருளாதார மந்தத்தால் முன்னமே மெலிந்திருந்த உடல்களில் நோய் எளிதிற் குடிகொண்டது.

அரசாங்கம் நிவாரண ஆணையாளர் ஒருவரை நியமித்தது. கொயினா மருந்தும் உணவுக்கான உதவியும் அனுப்பப்பட்டன. தற்காலிக வைத்தியசாலைகளும் மருந்து வழங்கும் நிலையங்களும் திறக்கப்பட்டன. எனினும் இந்நோயின் இயல்பு பகிர்விடத்துக்கு ஒரு புதிய சோதனையாக வாய்த்தது. காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வந்த நாளில் எழுந்து நிற்றலும் அரிது. ஒரு வீட்டில் அனைவரும் ஒருங்கே படுக்கையிற் கிடப்பர். இரண்டு மைலுக்கப்பால் மருந்து இலவசமென்று அறிவித்தலால் அவ்வீட்டுக்கு யாது பயன்? இந்நிலையிலேதான் சூரியமல் இயக்கத்தைச் சார்ந்த இளைஞர்கள் கேகாலை மாவட்டத்துக் கிராமங்களுட் புகுந்தனர். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, கலாநிதி என். எம். பெரேரா முதலியோர் அவருள் முக்கியமானவர்கள். மருந்தோடு நில்லாது, நோயாளர் எழுந்து நடக்க ஊட்டம் வேண்டுமெனக் கண்டு, பருப்பும் மாமைற்றும் வீடுவீடாகக் கொண்டு சென்று வழங்கினர். மாமைற்றை வைத்தியர் தரும் குளிகைபோல் உருட்டிக் கொடுத்தனர் என்பர். புதுப்பொருளை மக்கள் ஏற்கும் வடிவிற் கொடுத்தலும் பகிர்வின் ஒரு கலையே. பெரேராவைக் கிராமத்தவர் ‘பருப்பு மாத்தயா’ என்றழைத்தனர். 1936ஆம் ஆண்டு அரசாங்கசபைத் தேர்தலில் ருவன்வெல்லைத் தொகுதி அவரைத் தெரிந்தெடுத்தது. பின்னாளில் யட்டியாந்தோட்டைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் அவர் நெடுங்காலம் இருந்தார். அரசியலாரின் கொள்கையை ஏற்போர் ஏற்க, மறுப்போர் மறுக்க; பகிர்விடத்தை நோயாளியின் வாசற்படிவரை கொண்டு சென்றவர்கள் என்ற பெருமையை அவ்விளைஞர்களுக்கு மறுத்தல் இயலாது.

1942இல் பர்மா வீழ்ந்தபோது இலங்கையின் அரிசி வரவு பெரும்பகுதி அற்றுப்போயிற்று. ஏப்ரில் 5ஆம் நாள் கொழும்பின்மீது குண்டு விழுந்தது. சிவில் பாதுகாப்புக்கும் உணவு வழங்கலுக்கும் பொறுப்பேற்ற ஒலிவர் குணதிலக்கவின் காலத்தில் பங்கீட்டுப் புத்தகமும் கூட்டுறவுப் பண்டகசாலையும் ஊர்தோறும் பரவின. நம் நாட்டில் நடைதூரத்தில் அமைந்த பகிர்விடங்களின் முதலாவது முழு வலைப்பின்னல் இதுவேயாம். அதன் வலிமை எதில் இருந்தது என்று ஆராயின், கிழமைதோறும் அது இயங்கியமையே காரணமெனத் தோன்றும். கடைக்காரனுக்கு ஊராரைத் தெரியும். ஊராருக்கு வரிசை தெரியும். புத்தகத்தில் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு பங்குண்டு. தோட்டங்களிலோ பங்கீட்டு அரிசியும் பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் கையாலேயே அளக்கப்பட்டது. ஆகவே பழைய காம்பராவே புதிய பெயரோடு நீடித்தது.

அண்மையில் இடம் இருந்தால் மாத்திரம் போதும் என்று எண்ணுவோர்க்கு 1973, 1974ஆம் ஆண்டுகள் விடை பகரும். உலகச் சந்தையில் தானிய விலை ஏறிப் பங்கீடு குறைக்கப்பட்டபோது, வயலும் தோட்டமும் சொந்தமாயில்லாத தோட்டத் தொழிலாளரிடையே பட்டினி புகுந்தது. அவர்தம் இறப்பு வீதம் நாட்டின் ஏனைய மக்களுடையதைக் காட்டிலும் மிகுதியாக உயர்ந்தது. கடை இருந்தது, தட்டு வெறுமையாயிருந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1979இல் பங்கீட்டுப் புத்தகம் உணவு முத்திரைக்கு இடங்கொடுத்தது. 1992இல் தோட்ட நிருவாகம் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்டது. இவ்வாறு கைமாறிக் கைமாறி, தோட்டத்தின் அரிசிக் காம்பரா வழக்கொழிந்தது. அதனிடத்தில் வேறொன்று வைக்கப்படவில்லை. பழைய காம்பராவை மீண்டும் வேண்டுவார் யாருமிலர். எனினும் லயங்களுக்கு நடுவே உணவு சேமித்து வைக்கும் இடம் என ஒன்று இல்லாத காலம் இதுவே என்பதனை நினைவிற் கொள்ளல் தகும்.

இதற்கிடையே வெள்ளமும் மண்சரிவும் ஓயவில்லை. 1947 ஓகஸ்ட் மாதத்தில், சுதந்திரத்துக்கு முந்திய பொதுத்தேர்தல் தொடங்குவதற்குச் சில நாள் முன்னர், களனி கங்கை பெருகி அதன் கரையெங்கும் நாசம் விளைவித்தது. 1989 சூன் மாதத் தொடக்கத்தில் பெய்த மழையால் கேகாலை மாவட்டத்தில் வெள்ளமும் சரிவுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 2016 மே 17ஆம் நாள் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளில் நமக்கு அண்மையதான புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்திலே லயக் காம்பராக்கள் மண்ணுட் புதைந்து பதினாறு பேர் உயிர் நீத்தனர். 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா சூறாவளியிலே நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். தெருக்களும் பாலங்களும் அறுந்து மலையகத்து ஊர்கள் பல நாட்கணக்கில் தனித்து நின்றன.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின்பின் இவற்றை எதிர்கொள்ளும் ஒழுங்கு வகுக்கப்பட்டுள்ளது. கிராம உத்தியோகத்தர் பெயரெழுத, பிரதேச செயலாளர் ஆணையிட, கூட்டுறவுச் சங்கத்திலிருந்து உலருணவு வருதல் பொதுவான முறை. முறையிலே குற்றமில்லை. அது எழுத்தை நம்பியும் தெருவை நம்பியும் நிற்பது. முதல் மூன்று நாளில் இவ்விரண்டும் இருப்பதில்லை. தனியார் தருமமும் அத்தகையதே. கொழும்பிலிருந்து வரும் லொறி பெருந்தெருவோரத்தில் நின்று வழங்கிவிட்டுத் திரும்பும். தெருவோரத்து வீட்டுக்கு மூன்றுமுறை அரிசி கிடைக்க, மேற்பிரிவு லயத்துக்குச் செய்தி எட்டும்போது லொறி அவிசாவளையைக் கடந்திருக்கும். கொடுத்தவர் நெஞ்சிலே வஞ்சனையில்லை. அவருக்கு இடம் காட்டுவார் இல்லை.

ஆகவே இடம் வகுத்தல் பற்றிச் சில கூறுவாம். எங்கள் பகுதியிலே கோயிலையே முதலிற் சொல்லுவர். கோயில் அனைவரும் அறிந்த இடமாயினும் ஓயாக்கரையிலும் சரிவின் விளிம்பிலும் அமைந்தவை பல. மேலும் சிங்கள, முஸ்லிம், கிறித்தவ அயலார் தயங்காது வரத்தக்க பொதுவிடமாதல் வேண்டும். தொழிற்சாலை உறுதியான கட்டடமெனினும் திறப்புப் பற்றிய பழைய வினா அங்கே மீண்டும் எழும். பாடசாலை தகுதியானதே, ஆனால் இடம்பெயர்ந்தோர் தங்குமிடமும் அதுவேயாதலால், உறங்குவோர் நடுவே மூடை அளக்கும் நெருக்கடி நேரும். என் கருத்தில் பிள்ளைமடுவமும் பிரட்டுக்களமும் ஆராயத்தக்கவை. தாய்மார் காலும் தொழிலாளர் காலும் இருட்டிலும் வழியறிந்து செல்லும் இடங்கள் அவை. எவ்விடமாயினும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரின் மண்சரிவு அபாய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாராது தெரிதல் தகாது. லயத்திலிருந்து ஓயாவைக் கடவாமலும், சரிவுக்குக் கீழ் நடவாமலும் அடையக்கூடியதா என்பதே முதல் வினாவாதல் வேண்டும். இவ்விடயத்தில் எட்டாம் வகுப்பு மாணவரும் நமக்குத் துணையாவர். எந்தப் பாலம் முதலில் மூழ்கும் என்பதனை அவர்களைக் காட்டிலும் நன்கறிந்தவர் இலர்.

அளவையும் சிறிது கணக்கிடுவோம். நூறு குடும்பம், குடும்பத்துக்கு ஐவர் எனக் கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசியெனின் ஐந்நூறு பேருக்கு 200 கிலோ. மூன்று நாளைக்கு 600 கிலோ. ஐம்பது கிலோ மூடையாகப் பன்னிரண்டு மூடை. பருப்பு ஆளுக்கு 60 கிராமெனின் மூன்று நாளைக்கு 90 கிலோ. பன்னிரண்டு மூடை அரிசியும் இரண்டு மூடை பருப்பும் ஒரு மூலையில் அடங்குவன. குடிநீரே பாரியது: ஆளுக்கு மூன்று லீற்றரெனினும் நாளொன்றுக்கு 1500 லீற்றர் வேண்டும், கூரைநீர் சேர்க்கும் தாங்கி இவ்வூர் மழைக்கு ஏற்றதாகும். ஆயினும் இப்பள்ளத்தாக்கின் ஈரத்தில் மூன்று மாதம் கிடந்த அரிசி பூஞ்சணம் பூக்கும். எஞ்சியதை எலி பார்த்துக்கொள்ளும். எனவே பூட்டிவைத்த மூடையினும், அண்டையிலுள்ள கூட்டுறவுக் கடையோ சில்லறைக் கடையோ எக்காலமும் பன்னிரண்டு மூடைக்குக் குறையாது இருப்பு வைத்திருக்க, பிரதேச செயலகம் முன்கூட்டியே உடன்படிக்கை செய்துகொள்ளுதல் சாலும். விற்பனையாலேயே அரிசி புதுப்பிக்கப்படும். 1942இன் கூட்டுறவுக் கடை கற்பித்த பாடம் அதுவன்றோ?

ஏழு நாள் உலருணவைக் குடும்பத்துக்கு ஒருங்கே கொடுக்கின் அரிசி மாத்திரம் 14 கிலோ ஆகும். கைக்குழந்தையோடு வழுக்கும் படியிலே ஒரு பெண் அதனைச் சுமத்தல் எங்ஙனம்? இருமுறையாகப் பிரித்துக் கொடுத்தல் நன்று. லயம் புதைந்தவர்க்கு அடுப்பும் சட்டியும் விறகும் இல்லையாதலின், முதலிரு நாளைக்குச் சமைத்த உணவே உணவு.

பெயர்ப்பட்டியல் பற்றியே இறுதியாக நான் அஞ்சுவது. செக்ரோலிலே தோட்ட வேலைக்குச் செல்வோர் பெயரே உண்டு. லயத்தில் வாழ்வோரிற் பலர் இன்று வெளியே தொழில் புரிவோர். வாக்காளர் இடாப்பிலே குழந்தைகள் இல்லை. ஒரு காம்பராவில் இரண்டு, மூன்று குடும்பம் வாழ, ஒரு பெயருக்கு ஒரு பொதியெனின் எஞ்சியோர் நிலை யாது? கொழும்பிலே வேலை செய்யும் தந்தை வீட்டில் இல்லை என்பதனால் பிள்ளைகளின் பொதி மறுக்கப்பட்டதை நான் கண்ணாற் கண்டதுண்டு. தலைகளை எண்ணும் பட்டியலை ஒவ்வொரு பருவமழைக்கு முன்னும், அவ்வப் பிரிவிலேயே, பெண்கள் உட்படத் தெரிவான ஐவர் அல்லது அறுவர் புதுப்பித்துத் தம்மிடம் ஒரு படி வைத்திருத்தல் வேண்டும். திறப்பும் அவர்கள் கையிலேயே, ஒன்றுக்கு இரண்டாக, இருத்தல் வேண்டும்.

இவை நம்மவர்க்கு மிகையான ஆசைகளாகத் தோன்றலாம். சப்பானிலே அயற் பாடசாலைகள் இடர்க்காலப் புகலிடமாக முன்னரே குறிக்கப்பட்டு, உணவும் போர்வையும் அவற்றிலே சேமித்து வைக்கப்படுகின்றன. நியூசிலாந்தின் வெலிங்ரன் நகரிலே நிலநடுக்கத்தின்பின் அயலவர் கூடுதற்கு ஒவ்வொரு பேட்டையிலும் ஓரிடம் வகுக்கப்பட்டுள்ளது. பெரும்பாலும் பாடசாலையும் சமூக மண்டபமுமே. அதிகாரி வருமுன் அயலாரே அதனைத் திறந்து நடத்துவர் என்பது அத்திட்டத்தின் அடிப்படை. செல்வ நாடுகள் என்பதற்காக ஒதுக்குதல் வேண்டா. அவ்வேற்பாட்டில் செலவினும் முன்யோசனையே மிகுதி.

நமக்கு நெடுங்காலம் தடையாயிருந்தது சட்டம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை பணம் செலவிடுதலை இயலாததாக்கி வைத்திருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்த சபை தோட்டத்துப் பாதைக்கு ஒரு கல்லும் இடமுடியாதிருந்தது. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. இன்று யட்டியாந்தோட்டைப் பிரதேச சபை விரும்பின் ஒரு தோட்டப் பிரிவிலே நீர்த்தாங்கி அமைக்கவும், பிள்ளைமடுவத்துக் கூரையைச் செப்பனிடவும், ‘இடர்க்காலத்தில் பொருள் வழங்குமிடம்’ எனத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய பலகையொன்றை அதன் சுவரில் மாட்டவும் தடையில்லை. தென்மேற் பருவமழை மே மாதத்தில் தொடங்கும். அதற்கு முன் ஒரு பிரிவிலாவது அப்பலகை ஏறுமாயின், அதன் கீழ்ப் பன்னிரண்டு மூடை உளவா என எண்ணிப் பார்க்கும் பொறுப்பை எங்கள் உயர்தர வகுப்பு மாணவர் ஏற்க ஆயத்தமாயுள்ளனர்.